கொக்கு உட்கார்ந்த கணக்கு

'சர்வர்' என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் முதலில் நாகேஷ்தான் ஞாபகத்துக்கு வருகிறார். பி.காம். படித்தவன் மூளை அவ்வளவுதான். அதனால் கம்ப்யூட்டர் சர்வர் பற்றிச் சொல்வதற்கும் ஓட்டல் சர்வரையே துணைக்குக் கூப்பிடுகிறேன்.

ஒரு ஓட்டல். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அங்கே ஒரு சர்வருக்கு விசித்திரமான பழக்கம். நடப்பதையெல்லாம் கல்லாவைப் பார்த்துக் கத்துவார்.

"நாலாம் டேபிள் உக்காந்தாச்சே...ய்! நாலாம் டேபிள் தண்ணி குடிச்சாச்சே...ய்! ரெண்டாம் டேபிள் அப்பளம் ஒடைச்சாச்சே...ய்!"

முதல் பத்து நிமிஷம் முதலாளி காது கொடுப்பார். அப்புறம் தலையை மட்டும் ஆட்டுவார். அப்புறம் அதுவும் கிடையாது. ஒன்றரை மணிக்கு அதே குரலில், அதே ராகத்தில், "சமையல்கட்டுல தீப்பிடிச்சாச்சே...ய்!" என்று வரும். முதலாளி நிமிராமல் பில் போட்டுக் கொண்டிருப்பார்.

கம்ப்யூட்டர் சர்வர்களில் பாதி இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார், எந்தக் கதவு திறந்தது என்று ஒவ்வொன்றையும் தேதி, நேரம் போட்டு எழுதிக்கொண்டே இருக்கும். அந்தக் குறிப்பேட்டுக்குப் பெயர் 'லாக்'. எழுதுவது நல்ல பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் எதை எழுதுவது?

எங்கள் டெல்டா கிராமங்களில் வி.ஏ.ஓ. வைத்திருக்கும் அடங்கல் பதிவேட்டைப் பார்த்திருக்கிறீர்களா? எந்த சர்வே நம்பரில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எந்தப் போகம் என்று இருக்கும். வயலில் எத்தனை கொக்கு வந்து உட்கார்ந்தது என்று இருக்காது. கொக்கு உட்கார்ந்தது பொய்யா? இல்லை, சத்தியமான உண்மை. ஆனால் அதையும் எழுத ஆரம்பித்தால், நாளைக்குப் பயிர் இன்ஷூரன்ஸுக்கு அடங்கல் கேட்டு நிற்கிறவனுக்கு நெல் கிடைக்காது, கொக்குதான் கிடைக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எல்லாம் என் சித்தப்பா பையன் உபயம்.

சீர்காழியில் தென்பாதிப் பக்கம் வீடு. சென்னையில் ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. 2020 ஊரடங்கின்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவன், அப்படியே இங்கிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டான். திண்ணையில் உட்கார்ந்து அண்ணாசாலை சர்வரை ஆட்டி வைக்கிறான் என்று சித்திக்குப் பெருமை.

2022 நவம்பர் 14, திங்கட்கிழமை காலை. கம்பெனியில் சரக்கு சப்ளை செய்யும் ஒருவருக்குப் பணம் அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் கணக்குப் பிரிவில் ஒரு பெரியவர் பழைய வழக்கப்படி பேங்க் அக்கவுன்ட் நம்பரைச் சரி பார்த்திருக்கிறார். நம்பர் மாறியிருக்கிறது! யாரோ சர்வருக்குள் புகுந்து, சப்ளையரின் அக்கவுன்ட் நம்பரை எடுத்துவிட்டு வேறு நம்பரைப் போட்டிருக்கிறார்கள். கடைசியாக மாற்றியது யார் என்று பார்த்தால், சனிக்கிழமை விடியற்காலை 1.40 மணி, பெயர், நம்ம பையனுடைய ஐ.டி.

போன் வந்தது.

"தம்பி, ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு உங்களுக்கு அதுல என்ன வேலை?"

"சார், நான் உள்ளயே வரலை சார். லாக் பாருங்க. எந்த ஊர்லேர்ந்து, எந்த அட்ரஸ்லேர்ந்து வந்தாங்கன்னு எல்லாம் இருக்கும்."

அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. லாகைத் திறந்தார்கள். லட்சக்கணக்கில் இல்லை, ஆயிரக்கணக்கில்தான் வரிகள் இருந்தன. முதல் வரியே அன்றைக்குக் காலையில் எழுதினது. சனிக்கிழமை? சுத்தம். வழித்துத் துடைத்தாற்போல் இருந்தது.

திருடன் அழித்துவிட்டானா? அதுதான் இல்லை. சர்வரே அழித்துவிட்டது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள், நம் காமர்ஸ் மூளைக்கு எட்டும் கணக்குதான். விண்டோஸ் சர்வரில் பாதுகாப்பு லாகுக்கு வழக்கமாகக் கொடுத்திருக்கும் இடம் 20 எம்.பி. நோட்டு நிரம்பினால் பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டு அதன்மேல் எழுதும். ஒரு வரிக்கு அரை கே.பி. என்று வைத்துக் கொள்ளுங்கள். சுமார் 40 ஆயிரம் வரிகள் கொள்ளும். கூட்டமான சர்வரில் விநாடிக்கு 50 சம்பவம் என்பது சாதாரணம். 40 ஆயிரத்தை 50-ஆல் வகுத்தால் 800 விநாடி. அதாவது, பதினாலு நிமிஷம்கூட இல்லை!

ஒண்ணே முக்காலுக்கு வந்த திருடனின் காலடித் தடம் இரண்டு மணிக்குள் காணாமல் போய்விடும். அதைத் தேடி நாம் வருவதோ, இரண்டு நாள் கழித்து, டிபன் சாப்பிட்டுவிட்டு.

அப்படி என்ன எழுதித் தள்ளியது அந்த சர்வர்? பெரும்பாலும் '5156' என்ற நம்பர் போட்ட குறிப்பு. விண்டோஸில் ஒவ்வொரு வகைச் சம்பவத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. 5156 என்றால், 'இந்த இணைப்பை அனுமதித்தேன்' என்று அர்த்தம். அதன் தம்பி 5158: 'இந்த வாசலைத் திறக்க அனுமதித்தேன்.' ஒரு நாளில் எத்தனை ஆயிரம் இணைப்புகள் வருமோ, அத்தனைக்கும் ஒவ்வொரு வரி. அத்தனையும் கொக்கு!

சும்மா விட்டால் விண்டோஸ் இதையெல்லாம் எழுதுவதில்லை. ஒரு சமயம் ஆடிட் வந்தபோது, 'எல்லாவற்றையும் பதிவு செய்' என்று யாரோ மொத்தமாகத் தட்டிவிட்டிருக்கிறார்கள். ஆடிட் முடிந்தது. ஆடிட்டர் போண்டா சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ஸ்விட்ச் மட்டும் அப்படியே இருந்தது. நம்ம பையன் ஒரு தடவை, "சார், இதெல்லாம் நிறுத்திடலாமா?" என்று கேட்டிருக்கிறான். வந்த பதில்: "எதுக்கும் இருக்கட்டும்ப்பா."

இந்த 'எதுக்கும் இருக்கட்டும்' இருக்கிறதே, இது தமிழர்களின் குடும்ப வியாதி. வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். மூடியில்லாத ஹார்லிக்ஸ் பாட்டில், ஓடாத கடிகாரம், பத்து வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகள். எல்லாம் எதுக்கும் இருக்கட்டும் என்று வைத்தவை. வீட்டுப் பத்திரம் எங்கே என்று தேடும்போதுதான் அது எதற்கும் உதவாதது தெரியும்.

சரி, பையன் எப்படித் தப்பித்தான்?

அந்தச் சனிக்கிழமை என்ன நாள் தெரியுமா? 2022 நவம்பர் 12. சீர்காழிக்காரர்கள் மறக்க முடியாத நாள். அன்று காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் இங்கே பெய்த மழை 44 சென்டிமீட்டர். சம்பா வயலெல்லாம் கடலானது. அப்புறம் சீர்காழி, தரங்கம்பாடி தாலுகாக்களில் ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். பையனின் தெருவில் வெள்ளிக்கிழமை இரவே கரன்ட் போய்விட்டது. அப்புறம் மொபைல் டவரும் படுத்துவிட்டது. அவன் ராத்திரி பூரா, வீட்டுக்குள் வந்த தண்ணீரிலிருந்து அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிக் கொண்டிருந்தான்.

"எல்லாரும் இப்படித்தாம்பா சொல்லுவாங்க" என்றார் மேனேஜர்.

"பேப்பர்ல போட்டிருக்கான் சார்."

பேப்பரைப் பார்த்தார். தன் போனையும் பார்த்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு அவரே இவனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜுக்கு ஞாயிறு வரை ஒற்றை டிக்தான். குரல் இறங்கியது. "சரி தம்பி, பாஸ்வேர்டை மாத்திடுங்க" என்றார். அவ்வளவுதான்.

வேலை பிழைத்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நாளைக்குப் பல லட்சம் வரி எழுதுகிற சர்வரால் ஒரு நிரபராதிக்காக ஒரு வரி சாட்சி சொல்ல முடியவில்லை. தினம் காலை எட்டரைக்கு ஒரே ஒரு எண்ணைக் குறிக்கிற மழைமானி சொல்லிவிட்டது! மழை பெய்யாமல் இருந்திருந்தால் அவன் கதி? அக்கவுன்ட் நம்பரை மாற்றியது யார் என்பது இன்றுவரை தெரியாது.

இது ஏதோ சின்னக் கம்பெனி விவகாரம் என்று நினைக்காதீர்கள். பெரிய இடத்துக் கதைகளும் உண்டு.

1979 மார்ச் 28. அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். ஒரு வால்வு திறந்து மாட்டிக்கொண்டு, குளிர்விக்கும் தண்ணீர் வெளியேறிக் கொண்டிருந்தது. முதல் சில நிமிஷங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள். எது முக்கியம், எது எடுபிடி என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அலாரங்களை வரிசையாக அச்சடிக்கும் பிரின்டர் ஒரு கட்டத்தில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பின்தங்கிவிட்டது. அதாவது, காலை ஏழு மணிக்கு நாலரை மணிச் செய்தியை அச்சடித்துக் கொண்டிருக்கும். விசாரணைக் கமிஷன் இதைத் தன் அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறது. அணு உலையின் உட்பகுதியில் ஒரு பாகம் உருகியே போனது.

இரண்டாவது கதையில் நம் பெங்களூரும் வருகிறது. 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் என்ற பெரிய கடைச் சங்கிலியில் கம்ப்யூட்டர் திருடர்கள் புகுந்தார்கள். புதிதாக வாங்கிப் போட்டிருந்த காவல் மென்பொருள் சரியாகவே எச்சரித்தது. பெங்களூரில் இருந்த பாதுகாப்புக் குழு அதைப் பார்த்து, மினியாபோலிஸ் தலைமையகத்துக்குத் தகவலும் கொடுத்தது. அங்கே வந்து குவியும் ஏராளமான எச்சரிக்கைகளில் அதுவும் ஒன்றாகப் போய்விட்டது. சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் பறிபோயின. 2014 மே மாதம் கம்பெனியின் தலைமை அதிகாரி பதவி விலகினார். நாய் குரைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. குரைத்தது. நாள் பூரா குரைக்கிற நாய் என்று தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

திரும்ப சீர்காழிக்கு வருவோம். தண்ணீர் வடிந்து, கரன்ட் வந்து, லேப்டாப் காய்ந்ததும் நம்ம பையன் செய்த காரியங்களைச் சொல்கிறேன். ஆபீஸில் சர்வர் வைத்திருக்கும் நண்பர்கள் குறித்துக் கொள்ளலாம்.

முதலில் அவன் எதையும் நிறுத்தவில்லை. எண்ணினான். எந்த நம்பர் சம்பவம் எத்தனை தடவை வருகிறது என்று ஒரு மணி நேரத்து லாகை வைத்துப் பட்டியல் போட்டான். நாம் வீட்டுச் செலவைக் குறைப்பதற்கு முன்னால் காபிப்பொடி எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு என்று பிரிப்போமே, அதே வித்தை. 5156, 5158 இரண்டும்தான் முதல் இரண்டு இடம்.

அடுத்து, 'ஆடிட்பால்' என்று விண்டோஸிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. அதைக்கொண்டு அந்த வகைக்கு மட்டும், 'அனுமதித்ததை எழுதாதே, தடுத்ததை எழுது' என்று மாற்றினான். வந்தவரையெல்லாம் எழுத வேண்டாம், விரட்டினவரை எழுது. அவ்வளவுதான் தத்துவம்.

மறுநாள் பார்த்தால், பழைய குருடி கதவைத் திறடி! மறுபடியும் 5156 கொட்டுகிறது. காரணம், 'குரூப் பாலிசி' என்று ஆபீஸ் முழுவதுக்கும் சேர்த்து மேலிடத்து உத்தரவு ஒன்று இருக்கும். நாம் கீழே மாற்றினாலும் அது கொஞ்ச நேரத்தில் பழையபடி திருத்திவிடும். சர்க்கார் ஆபீஸ் மாதிரிதான். மேலே மாறாமல் கீழே மாறாது. மேனேஜரிடம் பேசி, அந்த உத்தரவிலேயே திருத்தினான். இந்தத் தடவை, 'எதுக்கும் இருக்கட்டும்' வரவில்லை.

மூன்றாவது, 4624. யாராவது வெற்றிகரமாக உள்ளே நுழைந்தால் விழும் குறிப்பு. இதுவும் ஏராளமாக வந்தது. ஆனால் இதை நிறுத்தக் கூடாது. அந்த ராத்திரி ஒண்ணே நாற்பதுக்கு வந்தவனைக் காட்டிக் கொடுத்திருக்க வேண்டியது இதுதான். யார் இப்படி ஓயாமல் நுழைகிறார்கள் என்று பார்த்தான். சர்வர் நலமா என்று விசாரிக்கும் ஒரு மென்பொருள், நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவைத் திறந்து, "இருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்கச் சொன்னான். எழுதுகிறவன் கையைக் கட்ட வேண்டாம். வாசலில் வெட்டியாக வந்து போகிறவனைக் குறைத்தால் போதும்.

நான்காவது, 20 எம்.பி. நோட்டை ஒரு ஜி.பி. ஆக்கினான். ஐந்தாவது, முக்கியமானவற்றுக்கு ஒரு நகல் உடனுக்குடன் வேறொரு மெஷினுக்குப் போகும்படி செய்தான். வீட்டுக்குள் வந்த திருடன் வீட்டில் இருக்கிற நோட்டைத்தானே கிழிப்பான்?

கடைசியாக, தொடவே கூடாதவை என்று ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினான். 4625: தப்பான பாஸ்வேர்டு போட்டுத் தோற்றவர். 4720: புதிதாக ஒரு ஐ.டி. முளைத்தது. 1102: பாதுகாப்பு லாகையே யாரோ அழித்தார்கள். 4719: எதை எழுதுவது என்ற விதியையே யாரோ மாற்றினார்கள். இந்தக் கடைசி நம்பர் எனக்கு ரொம்பப் பிடித்தது. கணக்கு எழுதுவதைக் குறைத்தவன் யார் என்பதும் கணக்கில் ஏறும்!

யூனிக்ஸ்காரர்கள் இந்த விஷயத்தில் நமக்கு முன்னோடிகள். 1980-களிலேயே எரிக் ஆல்மன் என்பவர் 'சிஸ்லாக்' என்ற முறையை உண்டாக்கினார். சம்பவங்களுக்கு 0 முதல் 7 வரை எட்டுப் படி. 0 என்றால் குடி முழுகிவிட்டது. 7 என்றால் புரோகிராம் எழுதுகிறவர் தனக்குத் தானே பேசிக்கொள்வது. பிழை தேடும்போது ஏழாம் படியைத் திறந்துவிட்டு, வேலை முடிந்ததும் மூட மறந்துவிட்டுப் போவார்கள். அதுதான் பல இடங்களில் நடக்கிற கூத்து. தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் திருவிழாவுக்குப் போன மாதிரி.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நாளைக் காலை ஆபீஸுக்குப் போய் எல்லாவற்றையும் அணைத்துவிடாதீர்கள். சட்டம் ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவுப்படி, லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் அத்துமீறல் என்று தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளுக்கோ 2023 ஏப்ரல் 1 முதல் இன்னும் கண்டிப்பு. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடத்தை அணைக்க முடியாதபடி வைக்க வேண்டும். அந்த ராத்திரி இது இருந்திருந்தால், பழைய அக்கவுன்ட் நம்பர் என்ன, புது நம்பர் என்ன என்பதெல்லாம் தானாக வந்து நின்றிருக்கும். 180 நாள் வைக்க வேண்டும் என்றால், வைக்கத் தகுந்ததை மட்டும் எழுதினால்தான் கட்டுப்படியாகும். கொக்குக்கெல்லாம் யார் டிஸ்க் வாங்கிப் போடுவது?

ஆகக்கூடி, ஒரு பதிவை நிறுத்துவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, 'இது நிறைய வருகிறதா?' என்பது அல்ல. 'ஒருநாள் ஒருத்தன் மேல் பழி விழுந்தால் இந்த வரி சாட்சி சொல்லுமா?' என்பதுதான். சொல்லும் என்றால் ஆயிரம் வந்தாலும் இருக்கட்டும். சொல்லாது என்றால் ஒன்றுகூட வேண்டாம்.

எங்கள் ஊர்ச் சம்பந்தர் பதினாறாயிரம் பதிகம் பாடினார் என்பது மரபு. இன்று கிடைப்பது 380-க்குச் சற்று மேல். தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த ஏடுகளைச் சோழராஜாவும் நம்பியாண்டார் நம்பியும் திறந்தபோது, பெரும்பகுதியைச் செல் அரித்திருந்ததாம். ராஜா கலங்க, இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் விட்டு வைத்தோம் என்று அசரீரி சொன்னதாகத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. ஆண்டவன் தேர்ந்தெடுத்தால் சரி. நம் சர்வரில் தேர்ந்தெடுப்பது யார்? யாருமில்லை; 20 எம்.பி. நிரம்பியதும் செல்தான் தேர்ந்தெடுக்கிறது.

ஆனால் பாருங்கள், ஏட்டில் இல்லாமல் போன திருவிடைவாய்ப் பதிகம் 1917-இல் கோயில் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. 2023 ஏப்ரலில் எங்கள் சட்டநாதர் கோயிலில் யாகசாலைக்காக மண்ணைத் தோண்டியபோது, ஐம்பொன் சிலைகளோடு தேவாரம் பொறித்த செப்பேடுகள் நானூறுக்கு மேல் கிடைத்தன. முக்கியமானதைத் தேர்ந்தெடு, இன்னொரு இடத்திலும் எழுதி வை என்று யாரோ ஒரு புண்ணியவான் அன்றைக்கே நினைத்திருக்கிறார். மண்ணுக்கடியில் பேக்கப்!

பையன் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறான். முன்பெல்லாம் ராத்திரியில் எச்சரிக்கை மெசேஜ் முப்பது நாற்பது வரும். போனைத் தலையணைக்கு அடியில் அமுக்கிவிட்டுத் தூங்குவான். இப்போது வாரத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். வந்தால் துள்ளி எழுந்து உட்காருகிறான்.

சித்திக்குத்தான் கவலை. போன வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்:

"ஏம்ப்பா, இவன் போனு ராத்திரியில அடிக்கிறதே இல்லியே... வேலையில இருக்கானா, இல்ல நம்மகிட்ட மறைக்கிறானா?"